டிஷ்வாஷரில் அடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-இல் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வேலையாட்கள் கழுவிக் கழுவி அவருடைய நல்ல பீங்கான் தட்டுகளின் விளிம்பெல்லாம் உடைந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்த இயந்திரம் அது. பீங்கானைக் காக்க வந்த இயந்திரத்திலேயே கண்ணாடி டம்ளர் வெளுத்துப்போகிறது என்றால், வடசென்னையைப் பொறுத்தவரை முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல வீட்டு சம்ப்பில் இருப்பது கலவைதான்: மெட்ரோ தண்ணி, குறைந்தால் போர் தண்ணி, அதுவும் போதாவிட்டால் லாரி. ஆகவே இயந்திரத்தை மாட்டிய அன்றே கடினத்தன்மையைச் சோதிக்கும் பட்டை ஒன்றை வாங்கிப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது மொத்த உப்பைச் சொல்லும், சுண்ணாம்பைத் தனியாகச் சொல்லாது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை. இயந்திரத்தின் கையேடு ஜெர்மன் டிகிரியில் கேட்டால் 17.8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 600 என்பது ஏறக்குறைய 34. அந்த எண்ணை இயந்திரத்தின் தண்ணீர் மென்மையாக்கியில் வைத்துவிட்டு, கீழே உள்ள உப்புத் தொட்டியில் டிஷ்வாஷர் உப்பைக் கொட்டுங்கள். சமையல் தூள் உப்பு வேண்டாம், அதில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் மென்மையாக்கியைக் கெடுக்கும். உப்பு போட்ட கையோடு ஒரு முறை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு உள்ளேயே தங்கினால் எவர்சில்வரில்கூடத் துருப்புள்ளி விழும். கோடையில் போர் தண்ணிக்கு மாறினால் எண்ணையும் மாற்றுங்கள்.

அடுத்தது, எது உள்ளே போகக்கூடாது என்று பிரிப்பது. இண்டாலியம் கடாய், அலுமினிய குக்கர் இரண்டையும் கையால் தேயுங்கள். டிஷ்வாஷர் பொடியின் காரம் அலுமினியத்தின் மேல் இருக்கும் காப்புப் படலத்தைக் கரைத்துவிடும். பாத்திரம் கறுத்து, தொட்டால் கையில் ஒட்டும். இரும்பு தோசைக்கல், பித்தளை, மரக்கரண்டி, குக்கர் வெயிட், கேஸ்கட் எல்லாம் வெளியே. நான்-ஸ்டிக்கைப் பற்றி விளம்பரம் என்ன சொன்னாலும் நான் போட மாட்டேன்.

பாத்திரத்தை அலசிவிட்டுப் போட வேண்டியதில்லை, வழித்துவிட்டால் போதும். ஆனால் வழிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. காசிமேட்டு மீன் வாங்கும் வீடு என்றால் முள், செதில், கறிவேப்பிலை, புளிச்சக்கை அத்தனையும் வடிகட்டியில் போய் உட்காரும். மீன் குழம்பு வைத்த இரவே அந்த வடிகட்டியைக் கழற்றி அலசிவிடுங்கள். காலையில் செய்துகொள்ளலாம் என்றால், கதவைத் திறக்கும்போது வாடையே சொல்லிவிடும்.

கீழ்த் தட்டில் குண்டான், சட்டி, பெரிய தட்டுகள். ஆழமான பாத்திரம் கவிழ்ந்து, கொஞ்சம் சாய்ந்தும் இருக்க வேண்டும். நேராகக் கவிழ்த்தால் அடியில் குளம் கட்டும். விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை, ஒரு கம்பி விட்டு ஒன்றாக, அழுக்குப் பக்கம் நடுவைப் பார்க்க நிறுத்துங்கள். மேல் தட்டில் டம்ளர், டபரா, கிண்ணம். பிளாஸ்டிக்கும் மேலேதான், பல இயந்திரங்களில் சூடேற்றி கீழே இருப்பதால். அடுக்கி முடித்ததும் தண்ணீர் பீய்ச்சும் கைகளை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நீளக் கரண்டி ஒன்று தடுத்தால் போதும், அன்றைய பாத்திரம் பாதிதான் விளங்கும்.

இனி மென்மையானவை. பர்மா பஜாரில் வாங்கியதோ, கப்பல் வேலைக்குப் போனவர் கொண்டுவந்ததோ, தங்க விளிம்பு போட்ட டின்னர் செட் இந்தப் பக்கத்து ஷோகேஸ்களில் நிறைய உண்டு. கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் இறங்கும் சாமான் அது. அந்தத் தங்கம் பெரும்பாலும் மெருகுக்கு மேலே பூசியது. சூடும் காரமும் அதை அரித்துவிடும். பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். விளிம்பில்லாத வெள்ளைப் பீங்கான் போகலாம்: ஒரு விரல் இடைவெளி, 40–45 டிகிரி மென்கழுவல். கண்ணாடி டம்ளரைக் கம்பியின் மேல் கவிழ்க்காமல், கம்பிகளுக்கு இடையில் வையுங்கள்.

வெளுத்த டம்ளரை எலுமிச்சைச் சாறால் தேய்த்துப் பாருங்கள். வெண்மை போனால் சுண்ணாம்பு. மென்மையாக்கி எண்ணைக் கூட்டுங்கள். போகாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அதற்கு மருந்தில்லை, மற்ற டம்ளர்களுக்காகச் சூட்டையும் பொடியையும் குறையுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வைத்துச் சூடு தணிய விடுங்கள். சூட்டோடு இருக்கும் கண்ணாடி சட்டென்று விரிசல் விடும். எடுக்கும்போது கீழ்த் தட்டை முதலில் காலி செய்யுங்கள். மேலே கவிழ்ந்த டம்ளர்களின் அடிக்குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.