கைவைத்தியம் என்றால் கைதான்

ஏழு மாதக் கர்ப்பிணியின் இடுப்பில் 'ஒரு சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும்' என்று யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இடுப்பெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் பிரசவத்துக்காக ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. வயிறு முன்னால் இழுக்க, முதுகுத் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து அலுத்துப்போயிருக்கிறது. நிதானமாகப் பிடித்துவிட்டாலே போதும். கணவரோ அம்மாவோ செய்யலாம்.

முதலில் விசாரியுங்கள். இரத்தக் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு வரும் வலி, கால் மரத்துப்போவது, ஒரு காலில் மட்டும் வீக்கம்: ஒன்று இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வீங்கிய காலுக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், உருவிவிடுவது ஆபத்து.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கட்டும். குப்புறவும் வேண்டாம், மல்லாக்கவும் வேண்டாம். மல்லாந்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும். வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணை, கால்களுக்கு நடுவே இன்னொன்று. பலரும் முழங்காலோடு நிறுத்திவிடுவார்கள். பாதம் தொங்கி இடுப்பு திருகிக்கொள்ளும். கணுக்கால் வரை தலையணை வர வேண்டும். வலி ஓரளவு இதிலேயே குறையலாம்.

வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. நெடியடிக்கும் வலித் தைலங்கள் வேண்டாம். பலவற்றில் சாலிசிலேட் இருக்கிறது, அது தோல் வழியே உள்ளே போகும்.

முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது. எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பிலிருந்து தோள்பட்டை வரை மெதுவாக நீவுங்கள். அவர் மூச்சைப் பிடித்தால் நீங்கள் அழுத்துவது அதிகம். அடுத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் முக்கோண எலும்பின் மேல் உள்ளங்கையைப் பதித்து, அவர் மூச்சு விடும்போது அழுத்தி, ஐந்து எண்ணி, விடுங்கள். பிரசவ வலியிலும் இதே அழுத்தம் கைகொடுக்கும். கடைசியாக, புட்டத்தின் பக்கவாட்டில் மடக்கிய முஷ்டியால் சின்ன வட்டங்கள். 'அங்கேதான், அங்கேதான்' என்ற குரல் பெரும்பாலும் இங்கே வரும். மொத்தம் பத்து நிமிடம். வயிற்றைத் தொட வேண்டாம்.

பிள்ளை பிறந்தபின் வலி பல பேருக்கு மேலேறி, கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உட்கார்ந்துகொள்ளும். பழி 'முதுகில் போட்ட ஊசி' மேல் விழும். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கான வலிக்குப் பெரும்பாலும் காரணம் குனிந்து பால் கொடுப்பதுதான். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்புக்கு உயர்த்துங்கள். சிசேரியன் என்றால் தையல் ஆறும்வரை அந்தப் பக்கம் எண்ணெயும் கையும் போகக் கூடாது. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

பிடித்துவிட ஆளில்லாத மத்தியானத்துக்கு ஒரு காலுறை, இரண்டு டென்னிஸ் பந்து. பந்துகளை உள்ளே போட்டு முடிச்சிட்டு, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, எலும்புக்கு இருபுறமும் வரும்படி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி மேலும் கீழும் அசையுங்கள். குழந்தை எழுந்துகொள்வதற்குள் முடிந்துவிடும்.