பழத்தைத் தடுக்காதே, அளவைச் சொல்லிக்கொடு

அன்புத் தங்கைக்கு,

உணவியல் ஆலோசகராகப் பணியில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். உன்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் தவறாமல் கேட்கப்போவது, "பழம் சாப்பிடலாமா?" என்பதைத்தான். "கூடவே கூடாது" என்று சொல்லி அனுப்பிவிடாதே. அப்படிச் சொன்னால் பலர் வீட்டில் ஒளித்துச் சாப்பிடுவார்கள். உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பழத்தில் சர்க்கரை உண்டு, அதை மறைக்காதே. ஆனால் முழுப்பழத்தில் அது நாரோடு சேர்ந்திருப்பதால் இரத்தத்தில் மெல்லத்தான் ஏறுகிறது. ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் வேண்டும். நாரெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஏறக்குறைய 1,87,000 அமெரிக்க மருத்துவப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப்பழமாக உண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் பட்டியலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதே. தர்பூசணிக்கு அதில் எண் அதிகம். ஆனால் 100 கிராமில் மாவுச்சத்து 8 கிராம்கூட இல்லை. அளவையும் சேர்த்துப் பார்.

ஒரு வேளைக்குப் பழத்திலிருந்து 15 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துக்கொள். ஆனால் நோயாளியிடம் கிராமில் பேசாதே. நடுத்தரக் கொய்யா ஒன்று, சின்ன வாழைப்பழம் ஒன்று, பலாச்சுளை இரண்டு மூன்று, மாம்பழம் என்றால் இரண்டு மூன்று துண்டு என்று சொல். வாழைப்பழம் கறுத்துக் கனியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொல். விலை உயர்ந்த கிவியை எழுதிக்கொடுக்காதே. தள்ளுவண்டியில் கிடைக்கும் கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராம் நார் இருக்கிறது.

வயிறு நிறையச் சோறு உண்டபின் பழம் வேண்டாம். முற்பகலில் தனியாகச் சாப்பிடலாம். சாப்பாட்டோடுதான் வேண்டும் என்பவரிடம் சோற்றில் ஒரு கரண்டி குறைக்கச் சொல். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்க்கச் சொல். ஒரே பழம் ஒருவருக்கு ஏற்றுவதுபோல் இன்னொருவருக்கு ஏற்றாது.

இரண்டு இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பொட்டாசியம் ஆபத்தாகலாம். வாழைப்பழம், இளநீர் பற்றி மருத்துவரைக் கேட்காமல் பேசாதே. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மற்ற நாளில் நாம் வேண்டாம் என்ற அந்த ஜூஸே மருந்து. அரை டம்ளர் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை வீட்டாருக்கும் சொல்லிக்கொடு.

கோடையில் வீடெல்லாம் மாம்பழம் மணக்கும்போது ஒருவரை மட்டும் ஒதுக்கி உட்காரவைப்பது சிகிச்சை ஆகாது. என்ன பழம், எவ்வளவு, எப்போது என்று முதலில் கேள். பிறகு ஆலோசனை சொல்.

அன்புடன்,
உன் அக்கா