தாவும் கால்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில் வில்லியம் மார்கன் என்ற தேகப்பயிற்சி ஆசிரியர் 1895ஆம் ஆண்டில் வகுத்த வாலிபால் ஆட்டம், ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களின் பொட்டல்களிலும் பள்ளி மைதானங்களிலும் மாலைதோறும் ஆடப்படுகிற ஆட்டமாக வேரூன்றிவிட்டது. ஆடவருக்கு 2.43 மீட்டரிலும் மகளிருக்கு 2.24 மீட்டரிலும் கட்டப்படும் அந்த வலைக்கு மேலே கையை உயர்த்திப் பந்தை எதிர்ப்பக்கத்தில் அறைய வேண்டும் என்ற ஆசை 13, 14 வயதுச் சிறுவர் சிறுமியரைப் பற்றிக்கொண்டவுடன், "எப்படித் தாவுவது?" என்ற கேள்வியும் உடன் பிறந்துவிடுகிறது. அக்கேள்விக்கு மைதானத்தில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவையே. எனினும் வளரும் சரீரத்தின் மேல் பிரயோகிக்கப்படும் எந்த முறையும் நல்லெண்ணத்தால் மட்டும் நியாயமாகிவிடாது என்பதால், அவற்றுள் சிலவற்றை இங்கே பரிசீலிக்கலாம்.

நம்பிக்கை: கால் எவ்வளவு நன்றாக வளைகிறதோ, அவ்வளவு உயரம் தாவலாம்.

உண்மை: தாவலின் உயரத்தை நிர்ணயிப்பது, பாதம் தரையை விட்டுப் பிரியும் கணத்தில் சரீரம் பெற்றிருக்கும் மேல்நோக்கிய வேகம். ஒருவன் 50 சென்டிமீட்டர் எழும்ப வேண்டுமானால் வினாடிக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர் வேகத்தோடு கிளம்ப வேண்டும். அவ்வாறு கிளம்பியவன் ஆகாயத்தில் இருக்கும் காலம் முழுவதும் 0.64 வினாடிதான். அந்த வேகத்தை, ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் தரையை உதைத்துப் பெற்றாக வேண்டுமாதலால், பிட்டம், தொடை, கெண்டைக்கால் ஆகிய மூன்றிடத்துத் தசைகளின் வலிமையும், அவ்வலிமையை விரைந்து வெளிப்படுத்தும் ஆற்றலுமே தாவலுக்கு மூலதனம்.

தாவுவதற்கு முன் எவனும் சற்றே தாழ்ந்து பிறகு எழுவதற்கும் காரணம் உண்டு. தாழும்போது தசைகளும், அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் இழுபட்டுச் சக்தியைச் சேமித்து, எழும்போது அதைத் திருப்பித் தருகின்றன. முறுக்கேறிய நாணே அம்பைத் தொலைவில் செலுத்துவது போல, குதிகால் தசைநாணுக்கும் ஓரளவு விறைப்பு இருந்தால்தான் அது தாவலுக்குத் துணை செய்யும். ஆகவே, காலில் சற்று இறுக்கம் தெரிந்தாலே அதைக் குறையென்று எண்ணுவது பொருந்தாது. குதிகால் தரையில் பதிந்திருக்கக் குந்தி எழுவதற்குக் கணுக்காலும் இடுப்பும் இடம் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. அந்த அளவு வளைவு இல்லாதவனுக்கு அதைப் பயிற்றுவிப்பதும் அவசியம். ஆனால் அவ்வளவு வாய்த்தவன், அதற்கு மேலும் கால்களை அகல விரித்துத் தரையில் அமரக் கற்றுக்கொண்டான் என்பதற்காகவே அவன் தாவல் உயரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கைகளைப் பின்னிருந்து முன்னும் மேலுமாக வீசித் தாவப் பழகினாலே தாவலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுமென்பதைப் பல சிறுவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பருவ வளர்ச்சியின்போது தசை பெருகுவதாலேயே, விசேஷப் பயிற்சி எதுவும் இல்லாமலும், சிறுவர்களின் தாவல் ஆண்டுதோறும் கூடிக்கொண்டு வருகிறது. அந்த ஆண்டில் அவர்கள் எதைச் செய்திருந்தாலும், பெருமை அதற்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நம்பிக்கை: ஆட்டத்துக்கு முன் தசைகளை நெடுநேரம் நீட்டிப் பிடித்தால் தாவலும் உயரும், காயமும் வராது.

உண்மை: ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே தாவினால், தாவலின் உயரம் சற்றுக் குறையவே செய்கிறது என்று பல ஆராய்ச்சிகள் ஒருமுகமாகக் காட்டியிருக்கின்றன. அரை நிமிஷத்துக்கு உட்பட்ட நீட்டலால் விளையும் நஷ்டம் மிக அற்பம். அதன் பின் ஓட்டமும் சிறு தாவல்களும் தொடர்ந்தால் அதுவும் மறைந்துவிடும். எனவே நீட்டுவது பாவமன்று. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து நெடுநேரம் நீட்டச் செய்வதுதான் தவறு. வளைவைக் கூட்டிக்கொள்ள விரும்புவோர் ஆட்டம் முடிந்த பிறகோ, வேறு ஒரு வேளையிலோ அதைச் செய்யலாம்.

காயத்தைப் பற்றிய எண்ணமும் இவ்வாறே திருத்தத்துக்குரியது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,500க்கு மேற்பட்டவர்களை இரு வகையாகப் பிரித்து, ஒரு வகையினரை மட்டும் பயிற்சிக்கு முன் கால்தசைகளை நீட்டச் செய்து 12 வாரம் கவனித்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் இடையே கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இதற்கு மாறாக, ஓட்டம், வலிமைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, தாவி இறங்கும் முறை ஆகியவற்றை 20 நிமிஷத்துக்குள் கோத்து, சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆதரவில் வகுக்கப்பட்ட ஒரு முன்பயிற்சியை நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரமமாகச் செய்தபோது, அவர்களுடைய மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2008இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பிள்ளைகளைக் காப்பது அசைவோடும் வலிமையோடும் கூடிய ஆயத்தமே என்பது இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கு விளங்கும்.

நம்பிக்கை: உட்கார்ந்து கால் விரலைத் தொட முடியாதவனுக்கு உடம்பு கட்டை, முதுகை அழுத்தி வளைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: காலை நீட்டி அமர்ந்து கையை முன்னே எட்டவிடும் அந்தச் சோதனையைக் கேத்தரின் வெல்ஸ், ஈவ்லின் டில்லன் என்ற இருவர் 1952இல் வெளியிட்டனர். அது முக்கியமாகத் தொடையின் பின்தசையை அளக்கிறது. ஆனால் அங்கங்களின் அளவும் அதில் குறுக்கிடுகிறது. வளர்ச்சி வேகம் எடுக்கும் பருவத்தில் உடலுக்கு முன்பாகக் கால்களே நீளும் இயல்புடையவை ஆதலால், சென்ற ஆண்டு விரலைத் தொட்ட சிறுவன், தசையில் எந்த மாறுதலும் இல்லாதிருந்தும், இந்த ஆண்டு எட்டாமல் போகலாம்.

அவன் முதுகின் மேல் மற்றொருவன் சாய்ந்து அழுத்தும் வழக்கம் அபாயகரமானது. அது இன்றே நின்றாக வேண்டும். தொடையின் பின்தசை இடுப்பெலும்பில் வந்து பொருந்தும் இடம் பதின்பருவத்தில் இன்னும் முற்றாமல் இருப்பதால், பலவந்தமான நீட்டலில் தசைக்குப் பதிலாக அவ்வெலும்பின் துண்டே பெயர்ந்து வந்துவிடுவதுண்டு. அவ்விதக் காயம் ஆற மாதக்கணக்காகும்.

நம்பிக்கை: சிறுவர் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்.

உண்மை: தேர்ந்தவர் மேற்பார்வையில், பிழையில்லாத முறையில், சிறிது சிறிதாக ஏற்றப்படும் வலிமைப் பயிற்சியால் எலும்பின் வளர்ச்சித் தட்டு கெட்டதாகவோ உயரம் குன்றியதாகவோ சான்று இல்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தம் உடலின் எடையையே சுமையாகக் கொண்டு குந்தி எழுதல், ஒற்றைக்காலில் படி ஏறுதல், குதிகால் உயர்த்துதல் ஆகியவற்றில் தொடங்கி, வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவே ஓய்வு விட்டுச் செய்தால் போதும். தீங்கு விளைவது, பெரியவர் இல்லாத இடத்தில் போட்டிக்காகத் தூக்கும்போதுதான்.

நம்பிக்கை: தாவித் தாவியே உயரமாக வளரலாம்.

உண்மை: உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது, நல்லுணவும் ஆரோக்கியமும் அதற்குத் துணை. உயரமானவர்கள் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்களேயன்றி, ஆடியதனால் அவர்கள் உயர்ந்தவர்கள் அல்லர். தாவலால் எலும்பு உறுதிப்படும். அதுவே போதிய பயன்.

நம்பிக்கை: முழங்கால் வலி வெறும் வளர்ச்சி வலி, வலிக்க வலிக்கத் தாவினால்தான் தாவல் கூடும்.

உண்மை: முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேட்டில், தொட்டாலே வலிக்கும் வீக்கத்தோடு வரும் நோவை பாஸ்டன் நகரத்து ஆஸ்குட் என்பவரும் ஜூரிச் நகரத்து ஷ்லாட்டர் என்பவரும் 1903இல் தனித்தனியே விவரித்தனர். பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும் பருவத்தை ஒட்டியே, தாவியும் ஓடியும் ஆடும் பிள்ளைகளிடம் இது பெரிதும் தோன்றுகிறது. தொடைத் தசை, முற்றாத எலும்பு மேட்டைத் திரும்பத் திரும்ப இழுப்பதே காரணம். தாவலைக் குறைத்துச் சில காலம் பொறுத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும் இந்நோவை அதட்டி அடக்க முயல்வது, வலியை நீட்டிப்பதிலேயே முடியும்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் கால்களில் விழுகிறது. பூப்புக்குப் பிறகு பெண்களுக்கு, ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைக் காட்டிலும், முழங்கால் மூட்டினுள் இருக்கும் முன் இணைப்பு நார் அறுபடும் அபாயம் அதிகம். இறங்கும்போது முழங்கால்கள் உட்புறமாகச் சாய்வது அதற்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்று. முழங்கால் பாதவிரல்களின் நேரே நிற்க, இடுப்பும் முழங்காலும் மடிய, ஓசையில்லாமல் இறங்கக் கற்பிக்க வேண்டும். எழும்பக் கற்பிப்பது அதற்கு அடுத்த பாடம்.

தேகப்பயிற்சி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை அசையவிடுங்கள், வாரத்தில் சில நாள் அவர்களுக்கு வலிமை ஊட்டுங்கள், இறங்கும் முறையைக் கண்ணாரப் பார்த்துத் திருத்துங்கள், முதுகில் கை வைத்து ஒருபோதும் அழுத்தாதீர்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால், போட்டி நெருங்குகிறது என்பதற்காக அதைத் தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.