இலவச சிகிச்சைக்கும் பில் எழுதுவோம்



மிஷன் மருத்துவமனைகளைத் தாங்கி வரும் நண்பர்கள் பலர் மனதில் ஒரு கேள்வி உண்டு: "ஏழைகளுக்காகத்தானே காணிக்கை அனுப்புகிறோம்? காசில்லாதவருக்கும் எதற்காகப் பில் போடுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். இந்தப் பாடத்தில் அதற்கு விடை காண்போம். கணக்கு படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி, ஒவ்வொரு படியாகச் சொல்லுகிறோம்.

கருணாபுரம் கற்றுத்தரும் பாடம்

2024 ஜூன் 18ஆம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பலர் வாங்கிக் குடித்த பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் அநேகர் அன்றாடக் கூலிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 10 லட்சமும், சிகிச்சை பெற்றவருக்கு ரூ. 50,000மும் தமிழக அரசு அறிவித்தது.

அரசு மருத்துவமனையில் ஏழைக்குப் பில் இல்லை. ஆனால் செலவு இல்லையா? மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. இரத்தத்தில் அமிலத்தை ஏற்றுகிறது. அதற்கு மாற்று மருந்து வேண்டும், டயாலிசிஸ் வேண்டும், சிலருக்குச் செயற்கை சுவாசக் கருவியும் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அந்த விலையைப் பொதுமக்களின் வரிப்பணம் கொடுத்தது. ஆகவே இலவசம் என்பதற்கு வேறொருவர் கொடுத்தார் என்பதே பொருள். மிஷன் மருத்துவமனையில் அந்த வேறொருவர் நீங்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவு, எதற்குப் போயிற்று என்று சொல்ல வேண்டுமானால், முதலில் செலவை முழுமையாக எழுதியாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெத்தனால் விஷத்தின் கடுமையான அறிகுறிகள் தோன்ற 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். "ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ" என்று பயந்து வீட்டில் படுத்திருப்பவர், உயிர் காக்கும் நேரத்தை இழந்துவிடுவார். அவசர நிலையில் வருபவரின் உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பில் எழுதும் மேஜையின் முதல் விதி இதுவே: அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, பிறகு கணக்கு. அபாயம் நீங்கியபின், உத்தேசச் செலவை உறவினருக்குத் தமிழில், பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சமாரியனும் சத்திரக்காரனும்

லூக்கா 10ஆம் அதிகாரத்திலுள்ள உவமை நமக்குத் தெரிந்ததே. நல்ல சமாரியன் காயம்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணத்தைக் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். கணக்கு மொழியில், முதலாவது முன்பணம். இரண்டாவது வர வேண்டிய பாக்கி. சத்திரக்காரன் செலவை எழுதி வைக்காவிட்டால், சமாரியன் திரும்பி வந்தபோது என்ன கேட்டிருப்பான்? காயம்பட்டவனிடம் ஒரு காசும் கேட்கப்படவில்லை. ஆனாலும் அவன் பேரில் ஒரு கணக்கு இருந்தே ஆக வேண்டும்.

ஒரு பில்லை எழுதிப் பார்ப்போம்

பாடத்துக்காக ஓர் உதாரணம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மரவள்ளி விவசாயி நிமோனியா காய்ச்சலுடன் 5 நாள் உள்நோயாளியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படுக்கை, 5 நாள், நாளொன்றுக்கு ரூ. 300: ரூ. 1,500
மருத்துவர் கட்டணம்: ரூ. 1,000
இரத்தம், சளிப் பரிசோதனை: ரூ. 1,400
எக்ஸ்ரே: ரூ. 500
மருந்து: ரூ. 3,600
மொத்தம்: ரூ. 8,000

அவர் கையில் இருந்தது ரூ. 3,000. கிழங்கு பிடுங்கிச் சேகோ ஆலைக்குப் போட்டபின் ரூ. 1,500 தருவதாகச் சொல்லுகிறார். மீதி ரூ. 3,500 அவரால் இயலாது. இப்போது கணக்கர் எழுத வேண்டியது:

சிகிச்சை வருமானம்: வரவு ரூ. 8,000
ரொக்கம்: பற்று ரூ. 3,000
நோயாளி பாக்கி: பற்று ரூ. 1,500
ஏழை நோயாளர் சலுகை: பற்று ரூ. 3,500

இரு பக்கமும் ரூ. 8,000 வருகிறது. இதுவே இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்ட இம்முறையை 1494ஆம் ஆண்டு அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி.

கைக்கு வந்த ரூ. 3,000ஐ மட்டும் எழுதினால் என்ன ஆகும்? மருந்து மட்டுமே ரூ. 3,600. மருத்துவமனை ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது என்று வருட முடிவில் ஒருவருக்கும் விளங்காது. செய்த தர்மம் எவ்வளவு என்பதும் தெரியாது. அடுத்த மாதம் மருந்துக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இராது. அடுத்து வரும் நோயாளிக்கு மருந்தும் இராது. எழுதாத இரக்கம் அடுத்த ஏழையைத்தான் பாதிக்கும்.

சலுகை வேறு, பாக்கி வேறு, வராக்கடன் வேறு

இம்மூன்றையும் கலந்துவிடுவது பல சிறிய மருத்துவமனைகளில் நேரும் தவறு. கொடுக்க இயலாதவர் என்று அறிந்து, வீட்டுக்கு அனுப்பும்போதே நாம் மனமுவந்து விடுவது சலுகை. பிறகு தருவேன் என்று அவர் ஒப்புக்கொண்டது பாக்கி. அந்தப் பாக்கி கடைசிவரை வராமற் போனால் அது வராக்கடன். சலுகையைப் பாக்கி என்று எழுதி வைத்தால், கொடுக்க முடியாத ஏழை கடன்காரர் ஆகிவிடுவார். அடுத்த முறை நோய் வந்தால் வெட்கத்தால் நம் வாசலை மிதிக்கமாட்டார். வராக்கடனைச் சலுகை என்று எழுதினால், நம் கவனக்குறைவைத் தர்மம் என்று உங்களிடம் காட்டினவர்களாவோம்.

முன்பணத்திலும் கவனம் தேவை. சேர்க்கும் நாளில் வாங்கும் முன்பணம் நம் வருமானம் அல்ல. சிகிச்சை செய்து முடிக்கும்வரை அது நோயாளியின் பணம். மிஞ்சினால் ரசீதோடு திருப்பித் தர வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் சேர்ந்த மருத்துவமனையானால், நோயாளியிடம் அட்டை உண்டா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். காப்பீட்டில் வரக்கூடிய தொகையை உங்கள் காணிக்கையிலிருந்து எடுப்பது முறையல்ல. சலுகைக்கு முன்னே செலவைக் குறைப்பதும் தர்மமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1982ஆம் ஆண்டு நகரத்து ஏழைகளுக்காகக் குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அவசியமான பரிசோதனையை மட்டும் செய்தால், பில்லே சிறியதாகிவிடும்.

உங்கள் காணிக்கையின் பேரேடு

மேற்கண்ட ரூ. 3,500 எங்கிருந்து வந்தது? ஏழை நோயாளர் நிதி என்ற தனிப் பேரேட்டிலிருந்து. அதில் ஆரம்ப இருப்பு, வந்த காணிக்கை, கொடுத்த சலுகை, மீதி என்று நான்கு பத்திகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சலுகைக்கும் நோயாளியின் எண்ணும் இரண்டு பேர் கையொப்பமும் வேண்டும். நோயாளியின் பெயரோ வியாதியோ நன்கொடையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏழையின் மானமும் காக்கப்பட வேண்டும். ஏழைகளுக்கென்று வந்த பணத்தைக் கட்டடத்துக்கோ சம்பளத்துக்கோ கைமாற்றாகக்கூட எடுக்கக் கூடாது.

அயல்நாட்டுக் காணிக்கைக்குச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அது புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டு நண்பர்களுக்கும் ஒரு குறிப்பு: ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள்.

காசாளர் மேஜையில் நான்கு காவல்கள்

ஒன்று, ரசீதுகளில் வரிசை எண் இருக்கட்டும். ரத்தான ரசீதும் புத்தகத்திலேயே இருக்கட்டும். இரண்டு, பில் எழுதுபவர், பணம் வாங்குபவர், பேரேடு எழுதுபவர் ஆகியோர் வெவ்வேறு நபர்களாக இருக்கட்டும். மூன்று, அன்றன்று மாலை பெட்டியிலுள்ள பணத்தையும் ரசீதுகளின் கூட்டுத்தொகையையும் வேறொருவர் ஒப்பிடட்டும். நான்கு, வசூலான பணம் முழுவதும் வங்கிக்குப் போகட்டும். சில்லறைச் செலவுக்குத் தனிப்பணம் வைத்து வவுச்சர் எழுதட்டும்.

இது ஊழியரைச் சந்தேகிப்பதாகாது. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோக அப்போஸ்தலனாகிய பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். ஒருவரும் குறை சொல்ல இடமிராதபடிக்கு அப்படிச் செய்ததாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நல்ல கணக்கு, உண்மையுள்ள ஊழியனைப் பழிச்சொல்லுக்குத் தப்புவிக்கிறது.

அந்த மலைவாசி விவசாயி வீடு திரும்பும்போது கையில் மூன்று வரிகள் உள்ள ஒரு தாள் இருக்கும்: நீங்கள் கொடுத்தது, பிறகு தரப்போவது, அன்பர்கள் உமக்காகக் கொடுத்தது. தாம் ஏமாற்றப்படவில்லை, கைவிடப்படவும் இல்லை என்று அந்தத் தாளைப் பார்த்து அவர் அறிந்துகொள்வார்.

சிந்திக்க: உங்கள் சபையிலோ சங்கத்திலோ ஏழைகளுக்கென்று வந்த பணத்துக்குத் தனிப் பேரேடு உண்டா? அதைக் கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்கள்?

ஜெபிக்க: கருணாபுரத்தில் தகப்பனை, தாயை இழந்த பிள்ளைகளுக்காகவும், பார்வை பாதிக்கப்பட்டவர்களுக்காகவும், மருத்துவமனைகளில் காசாளர் மேஜையில் அமர்ந்து உழைக்கும் உக்கிராணக்காரர்களுக்காகவும் எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.