கணக்கும் யாழும்

கேள்வி: என் மகன் பொறியியல் படிக்கிறான். ஆனால் கீபோர்ட்டே கதியென்று கிடக்கிறான். இசைதான் வழியென்றால் இந்தப் படிப்பு வீண்தானே? – வாசகி, கல்லடி

பதில்: உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது, அம்மா. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவர், லண்டன் பி.எஸ்ஸி. பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் அவரே. 1947இல் அவருடைய 'யாழ் நூல்' வெளிவந்தது. அதில், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் உரையாசிரியர்களே தடுமாறிய இசைக் குறிப்புகளை அவர் பின்னக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். மறைந்துபோன யாழ்க் கருவிக்கு அப்படித்தான் உருவம் கிடைத்தது. தமிழ் மட்டுமோ கணிதம் மட்டுமோ தெரிந்தவரால் அது முடிந்திராது என்பது என் எண்ணம். உங்கள் ஊர் வாவியின் 'பாடும் மீன்'களையும் சும்மா விடவில்லை மனிதர், அதையும் ஆராய்ந்தார்.

அந்தப் பின்னக் கணக்கை உங்கள் மகனும் காதால் கேட்கலாம்: அவனிடம் 90 சென்றிமீற்றர் கம்பியொன்றை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். முழுக் கம்பி ஸ என்றால், 60இல் அழுத்தினால் ப. 45இல் மேல் ஸ. கீபோர்ட்டின் ப இதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தது. ஏன் என்று அவனையே கேளுங்கள். பரீட்சைக் கட்டணத்தை மட்டும் நேரத்துக்குக் கட்டிவிடுங்கள்.