சைக்கிளில் ஆபீஸ் போகிறவருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் சைக்கிள் வாங்கியிருக்கிறீர்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீசுக்கு அதிலேயே போனால், முதல் நாளே “என்ன சார், வண்டிய சர்வீசுக்கு விட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. “சைக்கிளுக்கு ஏன் சார் இப்படி மரியாதை போச்சு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

1980-இல் டிவிஎஸ் 50 வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதில் பெடலும் இருக்கும். சைக்கிள்காரர் மிரண்டுவிடக் கூடாது என்று வைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பால் கேன், கீரைக்கட்டு, துணிமூட்டை என்று கேரியரில் கட்டிய சரக்கெல்லாம் அதில் ஏறிக்கொண்டது. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னாலேயே தவணைக் கடன் வந்தது. முன்பணம் கொஞ்சம் கட்டினால் வண்டியோடு வீட்டுக்குப் போகலாம் என்றான பிறகு, சைக்கிளில் போகிறவர் ‘இன்னும் வண்டி வாங்க வக்கில்லாதவர்’ ஆகிவிட்டார். சென்னையில் 1970 வாக்கில் நூறு பயணங்களில் இருபது சைக்கிளில் நடந்தன. 2008-இல் அது ஆறு. மிச்சமிருக்கும் அந்த ஆறில் வாட்ச்மேன்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும், ராத்திரியில் டீ கேனோடு சுற்றுகிறவர்களும்தான் பெரும்பாலும். உங்கள் ஆபீஸ்காரர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து என்றா நினைக்கிறீர்கள்? அந்த வரிசையில் நீங்கள் போய் நின்றதைப் பார்த்துத்தான்.

விடிகாலையில் ஹெல்மெட்டும் ஒட்டிய சட்டையுமாக ஈசிஆரில் பறக்கிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, கவனித்தீர்களா? அந்த சைக்கிள் லட்ச ரூபாய். வீடு திரும்பியதும் தெருமுனைக் கடையில் தயிர் வாங்க அவர்கள் பைக்கை எடுப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சைக்கிள் உடற்பயிற்சிக் கருவியாகிவிட்டால், அலுக்கிற அன்றைக்கு மூலைக்குப் போய்விடும். வேலைக்கும் கடைக்கும் போகிற வண்டியாக இருந்தால் அலுத்தாலும் எடுத்தே ஆக வேண்டும்.

புதுக்கோட்டைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதைப் பிடிவாதமாக நடத்தினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சிலருக்கு அதுதான் பிடித்ததாம்: நடுவிலிருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! பஸ்ஸுக்குக் காத்திருந்து பாதிநாள் போவது நின்றது. புருஷனோ அண்ணனோ வந்து கூட்டிப்போக வேண்டும் என்பது போயிற்று. கேலிப்பேச்சு அவர்களுக்கும் இல்லாமலா இருந்தது? உங்களுக்குக் கிடைத்ததைவிட மோசமாகவே கிடைத்தது. அந்தப் பெண்களின் மகள்கள் இன்று ஸ்கூட்டி ஓட்டினால், அம்மா மாதிரி சைக்கிள் மிதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு நான்கு கிலோமீட்டர்தான், சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு ஆய்வைச் சொல்கிறேன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்டது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் பின்தொடர்ந்த ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவு. ஆரோக்கியமானவர்கள்தானே சைக்கிள் எடுப்பார்கள் என்று கேட்பீர்கள். புகை, எடை, பழைய நோய் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகு வந்த எண் அது. அவர்களும் பந்தயத்துக்குப் போகவில்லை, ஆபீசுக்குத்தான் போனார்கள்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. பயப்பட வேண்டிய ரோடுதான். ஓரத்தில் மண், எதிர்த்திசையில் பைக், பின்னால் ஹாரனோடு பஸ். நெதர்லாந்திலும் ஐம்பது அறுபதுகளில் கார்கள் பெருகி சைக்கிள் குறைந்தது. 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது, அதன் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட அரசு முனைந்தது. இங்கே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் இலவசமாகத் தருகிறோம், ஓட்டப் பாதை தருவதில்லை. பாதை வரும்வரை நீங்கள் மெயின் ரோட்டை விட்டுத் தெருக்கள் வழியாகப் போங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினால் கூடட்டும். இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

முழங்கால் வலிக்கிறது என்று எழுதியதைப் பார்த்தால், சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள்.

வீல் ஆடுகிறது என்றால், ஷோரூமுக்குத் தூக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சந்தையருகே கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு கிழவர் இன்னும் இருப்பார், தேடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வீலைச் சுழற்றிவிட்டு, ரிம் அருகே ஒரு சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே போக்ஸ் கம்பியைச் சாவியால் கால் திருகு, அரைத் திருகு என்று முறுக்குவார். மறுபடி சுழற்றுவார். கோடு விழாமல் சுற்றும்வரை உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கேட்கிற காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஆபீசில் சைக்கிள் நிறுத்த ஸ்டாண்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய அரசுக் கட்டடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை இருந்திருக்கும். இப்போது அதில் பைக்குகள் நிற்கும். ஒரு சைக்கிளுக்கு இடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.