சேம்பரிங் போகும் முன் கொஞ்சம் பேசுவோம்

போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து, கோயில் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து நின்றான். நம்ம பேரவையில் சின்ன வயதிலிருந்து தேவாரம் படித்தவன்தான். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்றான். அந்த அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. அவன் கேட்ட கேள்விகள் அவனுக்கு மட்டும் உரியவை அல்ல. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தைக் கோலாலம்பூரில் இருந்தே படித்து முடித்தவன் அவன். சி.எல்.பி. தேர்வையும் தாண்டிவிட்டான். பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை என்று ஐந்து தாள். தாண்டியவர்களுக்குத்தான் தெரியும் அந்த வலி. (உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களான மலாயா, யூ.கே.எம். போன்றவற்றில் சட்டம் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது.) அப்பா லாரி ஓட்டுகிறார். தம்பி இரவில் கிராப் ஓட்டுகிறான். நாற்பது நிறுவனங்களுக்கு இமெயில் அனுப்பியிருக்கிறான். பதில் வந்தது இரண்டு. இரண்டும் "இடம் இல்லை".

"எங்க அந்த லெட்டரைக் காட்டு" என்றேன். போனைத் திறந்து நீட்டினான். தலைப்பே "டிரெய்னி சொலிசிட்டர் வேலைக்கு விண்ணப்பம்" என்று இருந்தது.

முதல் தப்பு அங்கேயே. டிரெய்னி சொலிசிட்டர் என்பது இங்கிலாந்துச் சொல். அங்கே சொலிசிட்டர் வேறு, பாரிஸ்டர் வேறு. சொலிசிட்டராக வர விரும்புகிறவர் இரண்டு ஆண்டு பயிற்சி ஒப்பந்தத்தில் சேர்வது பழைய வழி. 2021 முதல் எஸ்.கியூ.இ. என்ற தேர்வும் இரண்டு ஆண்டு பணி அனுபவமும் சேர்ந்த புதிய வழி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் சொல் வேறு, கால அளவும் வேறு. அங்கே ஆறு மாதமாக இருந்த பயிற்சியை 2024 முதல் ஓராண்டாக்கிவிட்டார்கள். நம் தீபகற்ப மலேசியாவில் இரண்டு தொழிலும் ஒன்றுதான். எல்லோரும் 'அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்'. பயிற்சியில் இருப்பவர் 'பியூபில்'. பயிற்சி தருபவர் 'மாஸ்டர்'. பேச்சு வழக்கில் இதற்குச் சேம்பரிங் என்று பெயர். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி ஒன்பது மாதம். சபா, சரவாக்கில் சட்டமே தனி. அங்கே போக நினைப்பவர்கள் அங்குள்ள சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கடிதத்தைத் திறக்கிற வழக்கறிஞருக்கு அது ஒன்றைச் சொல்லிவிடுகிறது. இணையத்தில் கிடைத்த இங்கிலாந்து மாதிரியைப் பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறான் என்று. அதில் நான்கைந்து பேர் பெண் வழக்கறிஞர்கள். எல்லோருக்கும் "அன்புள்ள ஐயா" என்றே போயிருக்கிறது. நானே அப்படி ஒரு கடிதத்தை அழித்திருக்கிறேன், தம்பி, உண்மையைச் சொல்கிறேன்.

கடிதம் ஒரு பக்கம் போதும். இந்த நிறுவனம் என்ன வேலை செய்கிறது, அதில் எனக்கு ஏன் ஆர்வம், எப்போது தொடங்க முடியும், என்னென்ன மொழி பேசுவேன் என்பதே அதில் இருக்க வேண்டும். அனுப்பிய நான்காம் நாள் போன் பண்ணுங்கள். பண்ண வெட்கப்படுகிறவர்கள் கோர்ட்டில் எப்படி எழுந்து நிற்பீர்கள்? இன்னொன்று, எல்லோரும் கோலாலம்பூர் பெரிய நிறுவனங்களின் வாசலிலேயே நிற்கிறார்கள். கிள்ளான், சிரம்பான், சுங்கைப் பட்டாணி, ஈப்போ என்று சின்ன ஊர்களில் ஒரு மாஸ்டரும் இரண்டு கிராணியும் உள்ள அலுவலகங்கள் எத்தனையோ. அங்கே ஒரு பியூபிலுக்கு எல்லா வேலையும் கைக்கு வரும். வீட்டுச் சாப்பாடும் கிடைத்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஆனால் யாரிடம் சேரலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மாஸ்டர் தொடர்ந்து ஏழு ஆண்டாவது தொழிலில் இருந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பியூபிலுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. "நம்ம மாமா லோயர்தான், அவர்கிட்டயே பண்ணிக்கலாம்" என்று போய், மாமா தொழிலுக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்த கதை எனக்குத் தெரியும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் நீங்களும் கேள்வி கேளுங்கள். மாதம் எவ்வளவு வெள்ளி தருவார்கள்? கோர்ட்டுக்கும் நில அலுவலகத்துக்கும் போய்வரும் பெட்ரோல், டோல் காசு யாருடையது? சட்ட உதவி மையக் கடமைக்கும் நெறிமுறை வகுப்புக்கும் போக விடுவார்களா? பணம் கேட்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். அலவன்ஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கேட்காமல் சேர்ந்து, முதல் மாதக் கடைசியில் அழுகிறவர்களைப் பார்த்துவிட்டேன்.

இங்கேதான் தம்பி கிராப் விஷயத்தை எடுத்தான். "நைட்ல மட்டும் ஓட்டுனா யாருக்குக்கா தெரியப் போகுது?"

தெரியும், தெரியாது என்பதல்ல கேள்வி. பியூபிலாக இருக்கும் காலத்தில் பார் கவுன்சிலின் எழுத்துப்பூர்வமான சிறப்பு அனுமதி இல்லாமல் வேறு பதவியோ வேலையோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மாஸ்டர் கொடுக்கும் சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. கிராப் ஓட்டுவது 'வேலை'யா, சொந்தத் தொழிலா என்று நீயே வாதாடி நீயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதே. எழுதிக் கேள். பதில் வரும்வரை ஓட்டாதே. ஒன்பது மாதத்துக்கு வேண்டிய காசை இப்போதே, சேரும் முன், ஓட்டிச் சேர்த்து வை.

என் சேம்பரிங் பற்றியும் கேட்டான். அதைச் சொல்ல எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சம்தான்.

கிள்ளானில் ஒரு சின்ன அலுவலகம். வீடு, நிலம் வாங்கி விற்கும் பத்திர வேலைதான் அதிகம். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம் ஒரு துண்டு நிலம் வாங்க வந்தது. கணவரின் கே.டபள்யு.எஸ்.பி. பணம்தான் முதலீடு. நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுத்து வரும்படி மாஸ்டர் என்னை அனுப்பினார். நிலத்தின் மேல் கடன் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்று அதில்தான் தெரியும். எடுத்து வந்தேன். சுத்தமாக இருந்தது. கடனும் இல்லை, கேவியட்டும் இல்லை. பத்து விழுக்காடு முன்பணம் கட்டலாம் என்று கடிதம் தயாரித்து மாஸ்டர் மேசையில் வைக்கப் போனேன்.

வழியில் தலைமைக் கிராணி ஆன்ட்டி அதை வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். சட்டம் படித்ததில்லை. "பரப்பளவு ஒத்து வரலியேம்மா" என்றார். விற்பவர் கொடுத்த கெரான் நகலில் இருந்த அளவு வேறு, என் தேடலில் வந்த அளவு வேறு. கெரான் மூக்கிம் எண் ஒன்றேதான். ஆனால் ஒரு மூக்கிமில் இருக்கிற அதே எண் அடுத்த மூக்கிமிலும் இருக்கலாம். நிலம் இருந்தது காப்பார் மூக்கிமில். நான் படிவத்தில் எழுதியது கிள்ளான் மூக்கிம். யாரோ ஒருவருடைய நிலத்தைத் தேடிவிட்டு வந்திருக்கிறேன்! மறுநாள் சரியான தேடல் வந்தது. அதில் வங்கிக் கடனும் இருந்தது, ஒரு தனியார் கேவியட்டும் இருந்தது.

அந்த முன்பணம் போயிருந்தால்? அந்த அம்மா அன்று வாசலில் உட்கார்ந்து கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாஸ்டர் கத்தவில்லை. "ஆன்ட்டி பக்கத்துல ரெண்டு வாரம் உக்காரு" என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்தில் கற்றதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிராணியை மதிக்காத பியூபில் பாதிப் படிப்பை இழந்தவன் என்று நான் சொல்வது அதனால்தான்.

மூன்று மாதம் முடிந்தால் 'ஷார்ட் கால்' கேட்டு மனுச் செய்யலாம். கிடைத்தால் மென்ஷன் போன்ற சில காரியங்களுக்கு நீங்களே எழுந்து நிற்கலாம். அதற்கு முன் வாயைத் திறக்கக் கூடாது. பின்வரிசையில் உட்கார்ந்து, யார் எப்படிப் பேசுகிறார், நீதிபதி எங்கே நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். ஜாலான் டூத்தா வளாகத்தில் (சாலைக்குப் பெயர் மாறிவிட்டது, வாய் இன்னும் மாறவில்லை) காலையில் போனால் ஒரே நாளில் எத்தனையோ விதமான வாதங்களைக் கேட்கலாம். தினமும் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒன்பது மாத முடிவில் நீங்கள் ஒழுங்காக வேலை செய்தீர்கள் என்று மாஸ்டர் சான்றிதழ் தர வேண்டும். மாஸ்டரோடு ஒத்தே போகவில்லை என்றால் மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள்.

சட்ட உதவி மையக் கடமையைச் சிலர் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அப்படி நினைக்கக் கூடாது. அங்கே வந்து உட்காருகிற தாயார், "பையன் என்னமோ ஒத்துக்கிட்டானாம், எனக்கு ஒண்ணும் புரியலை" என்று தமிழில் சொல்லும்போது, அதைத் தமிழில் கேட்க அங்கே ஒருவர் வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்து, மண்டபத்து விளக்கை அணைக்கப் போனபோதுதான் தம்பி உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டான்.

"அக்கா, பத்தொன்பது வயசுல ஒரு சண்டை. கூட்டாளிங்களோட இருந்தேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டோம். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். இதை நான் எழுதணுமா?"

நாற்பது இமெயிலில் பாதியை அவன் அரை மனதோடு அனுப்பியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடம் கிடைத்தாலும் பயம், கிடைக்காவிட்டாலும் பயம்.

சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வழக்கறிஞராகிறவர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. தண்டனை பெற்ற எவருமே வரக் கூடாது என்று அது சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவராக்கும் குற்றம், அதிலும் குறிப்பாக ஏமாற்று, நேர்மையின்மை சம்பந்தப்பட்ட குற்றம் என்றுதான் சொல்கிறது. (திவாலானவர்களைப் பற்றியும் அதே பிரிவில் இருக்கிறது. படிப்புக் கடன் பாக்கி வைத்திருப்பவர்கள் இப்போதே தவணை பேசிக்கொள்ளுங்கள்.) உங்கள் மனு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்துறைத் தலைவர், பார் கவுன்சில், மாநில பார் குழு மூவருக்கும் நகல் போகும். ஆட்சேபம் இருந்தால் சொல்வார்கள். மனுவோடு நீங்கள் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலமும் இருக்கும்.

"பத்தொன்பது வயசுச் சண்டை ஏமாத்து இல்லை, தம்பி. ஆனா அதை மறைச்சு சத்தியம் பண்ணுனா, அது ஏமாத்துதான். அன்னைக்கு நீ பையன். இன்னைக்கு நீ பையன் இல்லை" என்றேன்.

கட்டாயம் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. முதலில் அந்தக் கோர்ட்டுக்குப் போய்க் குற்றச்சாட்டு, தீர்ப்பு இரண்டுக்கும் உறுதிசெய்யப்பட்ட நகல் எடு. அதன் பிறகு என்ன செய்தாய், எங்கே படித்தாய், எங்கே தொண்டு செய்தாய் என்பதைத் தேதியோடு எழுது. நேர்காணலிலேயே மாஸ்டரிடம் சொல், வேலை கிடைத்த பிறகு அல்ல. நன்னடத்தைச் சான்று இரண்டு வேண்டும். அதைத் தருகிறவர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நம் பேரவைப் பொறுப்பாளரிடம் கேட்கப் போகிறாய் என்றால், அவரிடமும் சொல்லிவிட்டுக் கேள்.

தம்பி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மீதி நாற்காலிகளை அவனே அடுக்கினான்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. சிரம்பானில் ஒரு பெண் வழக்கறிஞர் கூப்பிட்டிருக்கிறார். உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் தம்பி சண்டைக் கதையைச் சொல்லிவிட்டான். அவர் கோர்ட் நகலை வாங்கி இரண்டு தரம் படித்தாராம். பிறகு, "ஒண்ணாம் தேதி எட்டரைக்கு வந்துடு. லேட்டா வந்தா பிடிக்காது" என்றாராம். மனுவுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் சில மாதத்தில்தான் தெரியும். இப்போதைக்கு அவன் கவலை வேறு.

"அக்கா, கறுப்புக் கோட்டு ரெண்டு வேணுமா, ஒண்ணு போதுமா?"

ஒன்று போதும். என் தம்பியின் பழைய கோட்டு வீட்டில் இருக்கிறது, கை நீளம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.